பாடம் பண்ணுதல்

செத்த பறவைக்குள் எதை வைப்பது, எதைக் கொண்டு ஒட்டுவது என்பதெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா என்று கேட்கலாம். புலித்தோலைப் பாடம் பண்ணுகிறோம். செய்யுளையும் பாடம் பண்ணுகிறோம். ஏட்டுக்கு ஏடு வேறுபட்டால் பாடபேதம் என்கிறோம். மொழியே முடிச்சுப் போட்டு வைத்த பிறகு எனக்கென்ன தயக்கம்.

என் மாமா ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டர். கண்ணாடி அலமாரிப் பறவைகள் அவர் பொறுப்பு. வீட்டில் கர்ணப்புறா வளர்த்தார். ஒன்று ஒருநாள் காலையில் கூண்டில் செத்துக் கிடந்தது. அதை அவர் பாடம் பண்ணியபோது விளக்குப் பிடித்தவன் நான். ஆங்கிலத்தில் இதை ஸ்டஃப் பண்ணுவது என்பார்கள். அப்போது பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நானும் தலையணையில் பஞ்சடைப்பது போல என்றுதான் நினைத்திருந்தேன். மாமா சிரித்தார். “அடைக்கிறதில்ல மாப்ளே. உள்ள ஒரு உடம்பு செஞ்சு, தோலை அதுக்குப் போத்துறோம்.”

புறாத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. இறகும் பட்டென்று உதிரும். பழகியவர்களே புறா என்றால் யோசிப்பார்கள். மண்டை, இறக்கை, கால் எலும்புகளை மட்டும் தோலோடு விட்டு, மற்றதை எடுத்துவிட்டு, உள்பக்கம் வெங்காரப் பொடி தூவினார். (பழைய மியூசியங்களில் வெங்காரம் அல்ல, பாஷாணம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து பெக்கூர் என்பவர் ஆர்சனிக், கற்பூரம், சோப்பு, சுண்ணாம்பு எல்லாம் கலந்து ஒரு களிம்பு கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பறவைகளை இன்றும் வெறுங்கையால் தொடக் கூடாது.) உரித்தெடுத்த உடலைப் பக்கத்தில் வைத்து, அந்த அளவுக்கு மரச்சுருளை உருட்டி நூலால் சுற்றினார். அளவைவிட ஒரு சுற்றுக் குறைவாக. தோல் காயும்போது சுருங்கும். உள்ளே அதிகமாக வைத்தால் தையல் பிளந்துகொள்ளும். கண்குழிக்குக் களிமண். கழுத்துக் கம்பியில் மட்டும் கொஞ்சம் பஞ்சு. மற்ற இடத்தில் பஞ்சு வைத்தால் கட்டிகட்டியாக நின்று, தோலை நகர்த்த விடாது.

பசைக்கு மைதாவில் துளி மயில்துத்தம், பூச்சி அண்டாமலிருக்க. தச்சர்களின் வச்சிரம் ஏன் கூடாது என்று கேட்டேன். மரம் ஒட்ட அது சரி, மழைக்காலத்தில் இளகும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது சோறு என்றார். வவுச்சர் ஒட்டுகிற கோந்து காய்ந்தால் மொறுமொறுப்பாகி உதிரும். இது நானே வங்கியில் தினமும் பார்ப்பது. அவர் மைதாவைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. அது பிடிக்க நேரமாகும். அதுவரை தோலை வழுக்கி நகர்த்தலாம். கழுத்தை அவர் நாலு தடவை திருப்பினார். நாலாவது தடவைதான் அது அவருடைய புறாவாக இருந்தது. பிறகு குண்டூசி குத்தி, நூல் சுற்றி, இரண்டு வாரம் யாரையும் தொட விடவில்லை.

மாமா போன மறு வருஷம் புறாவின் கழுத்து தொங்கிவிட்டது. அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். எனக்கு அன்று மாலை ஒரு கூட்டம். நொடியில் ஒட்டுகிற பசைக் குப்பி ஒன்று வாங்கிப் போனேன். கழுத்துக்குள் புதுப் பஞ்சைத் திணித்து, பசையை ஊற்றினேன். அந்தப் பசை பஞ்சில் பட்டால் சூடேறிப் புகையும் என்பது அப்போது தெரியாது. விரல் சுட்டு, கையை இழுத்தபோது கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. இறகுகளின் மேல் சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படலம். திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. அத்தை, “பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அன்றைய கூட்டம் இறந்துபோன ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பு வெளியீடு. மூன்று நோட்டுப் புத்தகங்களிலிருந்து பிரதி எடுத்துப் பதிப்பித்தவன் நான். இரண்டு இடங்களில் எழுத்து மைக்கறைக்குள் போயிருந்தது. அச்சகம் அவசரப்படுத்தியது. புள்ளி வைத்து விட்டிருக்கலாம். அவர் குரல் எனக்குத் தெரியும் என்ற தெம்பில் இரண்டு சொற்களைப் போட்டேன். அடிக்குறிப்பும் இல்லை. மதிப்புரை எழுதியவர்களில் ஒருவர் அந்த இரண்டில் ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பற்றி எழுத இன்னும் துணிச்சல் இல்லை.

எந்தெந்த இடம் என்று அடுத்த இதழில் பக்க எண்ணோடு தருகிறேன். நோட்டுகள் அவர் தம்பியிடம் இருக்கின்றன. மறுபடி பார்க்கக் கேட்டிருக்கிறேன்.

இன்றைய மியூசியங்களில் பழுது பார்ப்பவர்கள் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை விரும்புகிறார்கள். பிடிமானம் மட்டும் காரணமில்லை. அசிட்டோனில் மறுபடி கரையும், பின்னால் வருகிறவன் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் விசேஷம். என் பசையும் அசிட்டோனில் இளகும் என்று படித்து, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புட்டியும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். சொட்டுச் சொட்டாகத் தடவி ஒரு மணி நேரத்தில் கழுத்து நூலளவு அசைந்தது. ஆறு இறகுகள் பிரஷ்ஷோடு வந்தன. அத்தை அவற்றைப் பொறுக்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் பாக்கலாம் வா” என்றாள்.