சொன்னதும் சொல்லாததும்

ஒரு நூலில் இருப்பதைப் படிப்பது ஒரு கலை. அந்நூலில் இல்லாததைப் படிக்காமலிருப்பது அதனினும் அரிய கலை. முன்னதைப் பள்ளிக்கூடங்கள் ஓரளவேனும் கற்றுத் தருகின்றன. பின்னதைக் கற்றுத் தருவோர் அருகிவிட்டனர். அதன் விளைவை, நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத் தகுதித் தேர்வுகளில் கண்கூடாகக் காண்கிறேன்.

அரபும் தமிழும் கற்பிக்கும் ஒருவனுக்கு ஆங்கிலத் தேர்வைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் கேட்கலாம். நான் வாழும் மூலக்கொத்தளமே என்னை இதில் இறக்கிவிட்டது. ஒருபுறம் பேசின் பாலத்தின் இருப்புப் பாதைகள். மறுபுறம் பழைய வண்ணாரப்பேட்டை. சற்றுத் தொலைவில் ராயபுரமும் துறைமுகமும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், லாரி ஓட்டியவர், சிறுகடை வைத்தவர் ஆகியோரின் மக்கள் இன்று செவிலியராகவும் பொறியாளராகவும் படித்து வெளிவருகின்றனர். பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்ல விரும்பும் அவர்கள்முன் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் தேர்வு வாயிற்காவலனாக நிற்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெரியவர் எவராயினும் அவரிடம் ஐயம் கேட்க வருவது நம் தெருப் பிள்ளைகளின் வழக்கம். நானோ மதரஸாவில் ஓதி முடித்த பின்னர், அகராதியின் துணைகொண்டு ஆங்கிலம் படித்தவன். அவ்வாறே இஷாத் தொழுகைக்குப் பின் என் வீட்டு முன்னறை ஒரு சிறு வகுப்பாயிற்று.

இத்தேர்வு 1989ஆம் ஆண்டு இப்பெயருடன் தொடங்கியது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உடையது. உயர்கல்விக்கும் தொழிற்பதிவுக்கும் உரிய பிரிவில், வாசிப்புப் பகுதிக்கு 3 கட்டுரைகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். மூன்று கட்டுரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். மதிப்பு 9 வரை அளக்கப்படும். சராசரியாக 40இல் 30 விடைகள் சரியாயின் 7 கிடைக்கும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்ய இத்தேர்வின் வழி வருவோர், வாசிப்பில் அந்த 7ஐப் பெற்றாக வேண்டும். 6.5 பெற்றவருக்கும் 7 பெற்றவருக்கும் இடையே உள்ளவை பெரும்பாலும் இரண்டு மூன்று வினாக்களே. ஆனால் ஒருமுறை எழுத 17,000 ரூபாய்க்குக் குறையாத கட்டணம். நம் குடும்பங்களில் அந்தப் பணம் பெரும்பாலும் அடகுக் கடையிலிருந்தே வருகிறது.

இருமுறை 6.5 பெற்று மனம் சோர்ந்த ஒரு செவிலியப் பெண் தன் தாயாருடன் என்னிடம் வந்தார். தாயின் காதில் இருந்த தோடும் அப்போது அங்கில்லை. "கட்டுரையை முழுதும் படித்து நேரத்தை வீணாக்க வேண்டா, வினாவில் உள்ள சொல்லைக் கட்டுரையில் தேடிப் பிடித்தால் போதும்" என்று ஒரு பயிற்சி நிலையத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தனர். வினாத்தாள் அமைப்போர் இந்த உபாயத்தை அறியாதவரா என்ன? வினாவில் உள்ள சொல்லையே கட்டுரையின் தவறான இடத்தில் காணும்படி விட்டு, சரியான இடத்தில் அதே பொருளை வேறு சொற்களால் கூறியிருப்பர். சொல்லைத் துரத்துபவர் வலையில் விழுவார். பொருளை நாடுபவர் தப்புவார்.

அப்பெண்ணின் இடர் அதனோடு முடியவில்லை. அவர் ஒரு பயிற்சித்தாளைக் காட்டினார். மாரடைப்பு வந்தவர்களை முற்கால மருத்துவர் பல வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தனர் என்றும், பிற்கால ஆய்வுகள் அவ்வழக்கத்தை மாற்றின என்றும் கட்டுரை கூறிற்று. "இக்காலத்தில் நோயாளியை இரண்டாம் நாளே நடக்க வைக்கின்றனர்" என்பது வினா. அவர் 'உண்மை' என்று குறித்திருந்தார். சரியான விடையோ 'கூறப்படவில்லை' என்பது.

"ஹஜ்ரத், வார்டுல நாங்க தினமும் செய்றதே இதுதானே?" என்றார்.

"இருக்கலாம் அம்மா. ஆனால் இபாரத் எங்கே?" என்றேன்.

மதரஸாவில் ஓதியோர் இவ்வினாவை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மாணவன் ஏதேனும் ஒரு கருத்தைச் சொன்னால், உஸ்தாது அதை மறுக்கவும் மாட்டார், ஏற்கவும் மாட்டார். இபாரத்தைக் காட்டு என்பார். அதாவது, கிதாபில் எந்த வாசகம் அதைச் சொல்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிடின், கருத்து எத்துணை மெய்யாயினும் அது அந்த நூலின் கருத்தன்று. அப்பெண் அறிந்திருந்தது மெய்யே. ஆனால் கட்டுரை ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. பேசாதிருப்பவர்மீது ஒரு பேச்சைச் சுமத்தலாகாது என்பது ஃபிக்ஹு கலையில் அறியப்பட்ட விதியன்றோ?

'உண்மை', 'தவறு', 'கூறப்படவில்லை' என்னும் இம்மூன்றுமே நம் மாணவரை மிகுதியும் வீழ்த்துவன. உஸூல் கலையினர் ஒரு வாசகத்தை அணுகும் முறை இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. வாசகம் வெளிப்படையாகச் சொல்வது மன்தூக். அது பேசாமல் விட்டது மஸ்கூத். ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். "வெள்ளிக்கிழமைகளில் மாணவர் கட்டணமின்றி நூலகத்தினுள் செல்லலாம்" என்று ஒரு கட்டுரை சொல்வதாகக் கொள்வோம். "வெள்ளிக்கிழமை மாணவர்க்குக் கட்டணம் இல்லை" என்பது உண்மை. "வெள்ளிக்கிழமை மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும்" என்பது தவறு. "மற்ற நாள்களில் மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும்" என்பது? பத்தில் எட்டுப் பிள்ளைகள் 'உண்மை' என்கின்றனர். மற்ற நாள்களைப் பற்றிக் கட்டுரை வாய் திறக்கவே இல்லை. எனவே 'கூறப்படவில்லை' என்பதே விடை.

சொன்னதிலிருந்து அதன் மறுதலையை ஊகித்துக் கொள்வதை மஃப்ஹூம் முகாலஃபா என்பர். ஷாஃபிஈ அறிஞர்கள் சில நிபந்தனைகளுடன் இதை ஆதாரமாக ஏற்பர். ஹனஃபி அறிஞர்கள் சட்ட வாசகங்களில் இதை ஏற்பதில்லை. இரு மத்ஹபினரும் அருகருகே வாழும் ஊர் நம் ஊர். "தேர்வு மண்டபத்துக்குள் மட்டும் எல்லாரும் ஹனஃபியாக இருந்துவிடுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்ததை அவர்கள் மறப்பதில்லை.

அடுத்தது அளவுச் சொற்கள். மன்திக் கலையின் பாலபாடமாகிய ஈஸாகூஜியை 13ஆம் நூற்றாண்டினரான அல்-அப்ஹரீ இயற்றினார். 'எல்லாம்' என்பதும் 'சில' என்பதும் ஒரு வாக்கியத்தின் வேலியைப் போன்றவை என்பதை அக்கலையின் தொடக்க வகுப்பிலேயே ஓதுகிறோம். "பெரும்பாலான படகுகள் விடியுமுன் கரை திரும்பின" என்று கட்டுரை கூறும்போது, "எல்லாப் படகுகளும் திரும்பின" என்னும் கூற்றை உண்மையெனக் குறிக்க இயலாது. 'மட்டும்', 'எப்போதும்', 'ஒருபோதும்', 'கூடும்' ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கண்டவுடன் பிள்ளைகள் அதன்கீழ்க் கோடிடப் பழக வேண்டும். நம் இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம் என்னும் ஓரெழுத்து ஒரு வாக்கியத்தின் பொருளையே திருப்பிவிடுவதை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

மூன்றாவது சுட்டுப்பெயர்கள். 'அது', 'அவை', 'இம்முறை' என்று வருமிடத்தில் அச்சொல் எதைச் சுட்டுகிறது? அரபு வகுப்பில் இதை மர்ஜிஉ என்போம். ளமீர் எங்கே திரும்புகிறது என்று உஸ்தாது கேட்காத நாளே இல்லை. பல பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய செயல்களை மற்றொரு வரிசையிலும் அடுக்கி, இறுதியில் 'முறையே' என்று முடிக்கும் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் மிகுதி. அவற்றைக் கண்டு பிள்ளைகள் மயங்குகின்றனர். பவணந்தியாரின் நன்னூல் சொல்லும் 8 பொருள்கோள்களுள் ஒன்றான நிரல்நிறை இதுவேயன்றோ? அதைத் தமிழில் ஒருமுறை விளக்கினால், ஆங்கிலத்தில் மறுமுறை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, தெரியாத சொல். ஒரு சொல் தெரியவில்லை என்று அங்கேயே நின்றுவிடுவோர் பலர். முன்னும் பின்னும் உள்ள குறிப்பு, அதாவது கரீனா, அதன் பொருளைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பயிற்சிக் கட்டுரையில் 'டிரெட்ஜிங்' என்ற சொல்லைக் கண்டு ஒரு மாணவன் திகைத்தான். துறைமுக வாயிலில் அது ஆண்டுதோறும் நடந்தது என்பது முன் வாக்கியம். எடுத்த சேற்றைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினர் என்பது பின் வாக்கியம். "உன் அத்தா துறைமுகத்தில் வேலை செய்தவர், இது என்னவாக இருக்கும்?" என்றேன். "தூர் வாருறது!" என்றான். அகராதி வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது, விடை எழுதும் முறை. ஹதீஸ் கலையில் சொல்லுக்குச் சொல் அறிவிப்பதும் உண்டு, கருத்தை அறிவிப்பதும் உண்டு. தேர்விலும் அவ்வாறே. ஒரு பத்திக்கு உரிய தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முழுப் பத்தியின் கருத்தைப் பார்க்க வேண்டும். கட்டுரையிலிருந்து சொல்லெடுத்து வெற்றிடம் நிரப்பும்போது, உள்ள சொல்லை உள்ளவாறே, எழுத்துப் பிழையின்றி எடுத்தெழுத வேண்டும். 'இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்' என்று சொல்லியிருக்க மூன்று எழுதினால், பொருள் சரியாயினும் மதிப்பெண் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடலாகாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கிதாபை ஓதத் தொடங்குமுன் தலைப்பையும் பாபுகளின் வரிசையையும் பார்த்துக் கொள்வது நம் வழக்கம். கட்டுரையையும் அவ்வாறே, தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம் என்று இரண்டு நிமிடம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வினாக்களுக்குச் செல்லுதல் நலம். 'உண்மை, தவறு' வினாக்கள் கட்டுரையின் வரிசையிலேயே வருவன. தலைப்புப் பொருத்தும் வினாக்கள் அவ்வாறு வருவதில்லை. மூன்றாம் கட்டுரையே கடினமானதாகையால், முதற் கட்டுரையில் 20 நிமிடத்துக்கு மேல் தங்கலாகாது. மருத்துவத் துறையினர்க்கென உள்ள ஓ.இ.டி. தேர்வின் வாசிப்பில், முதற்பகுதி இன்னும் விரைவானது: 4 சிறு குறிப்புகள், 20 வினாக்கள், 15 நிமிடங்கள். அங்கே ஆழ்ந்து ஓதுவதைக் காட்டிலும், பொருளடக்கத்தைப் பார்த்து ஒரு மஸ்அலாவைத் தேடி எடுக்கும் விரைவே உதவும்.

எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். 1939ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமானது இந்த மூலக்கொத்தளத்தில்தான். "அந்த மண்ணருகே இருந்துகொண்டு பிள்ளைகளை ஆங்கிலத்துக்குப் பழக்குகிறீரே" என்றார். அவர்கள் எதிர்த்தது கட்டாயத்தை; எந்த மொழியையும் கற்பதையன்று என்றேன். அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு மொழியின் துணையால் மற்றொன்றை நெருங்குவது நம் குருதியில் உள்ளது. மேலும், தமிழில் ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தை இரண்டு வரியில் சொல்லத் தெரியாத பிள்ளை, ஆங்கிலத்தில் மட்டும் எப்படிச் சொல்லும்? என் வகுப்பில் முதல் இரண்டு வாரம் தமிழ்க் கட்டுரைகளே பாடம். பெரியவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுவாரம் தம் பேத்தியை அனுப்பி வைத்தார்.

அந்தச் செவிலியப் பெண் மூன்று மாதம் நாள்தோறும் ஒரு கட்டுரை படித்தார். படித்தது பெரிதன்று. பிழைபட்ட ஒவ்வொரு வினாவுக்கும், சரியான விடை எந்த வரியில் இருக்கிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதினார். வரி இல்லையெனில் 'இல்லை' என்று எழுதினார். மூன்றாம் முறை வாசிப்பில் அவருக்கு 7 கிடைத்தது. எழுத்துப் பகுதிக்காக இன்னும் உழைத்துக் கொண்டிருக்கிறார். தாயின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதுவே. பெருந்தொகை கட்டுமுன், வீட்டில் மஃரிபுக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். செய்தித்தாளாயினும் இவ்விதழாயினும், ஒரு பத்தியைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். "இதில் என்ன சொல்லியிருக்கிறது? எந்த வரியில்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்தறியாத தாயும் கேட்கலாம். இப்பழக்கம் தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடுவதுமன்று. கைப்பேசியில் நாள்தோறும் யாரோ யார்மீதோ சுமத்தி அனுப்பும் செய்திகளைப் படிக்கும்போதும், "அவர் இதைச் சொன்னாரா? எங்கே?" என்று கேட்கும் பிள்ளை ஒரு வீட்டுக்கு ஒன்று இருந்தால், எத்தனையோ சண்டைகள் வாசலிலேயே நின்றுவிடும்.