மருவில் கிடைத்த துப்பு

மருவை ஒரு வியாதியென்று யாரும் மதிப்பதில்லை. கழுத்திலோ விரலிலோ ஒன்று முளைத்தால் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், அதுவும் பலிக்காவிட்டால் வைத்தீசுவரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வார்கள். பல மருக்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். கீர்த்தி மட்டும் குதிரைக்கும் சுண்ணாம்புக்கும் போய்ச் சேரும். இவ்வளவு அற்பமான வஸ்துவை ஒரு ஜெர்மானிய டாக்டர் பத்து வருஷத்துக்கு மேல் துருவித் துருவி ஆராய்ந்தார் என்றும், அதன் பயனாகக் கர்ப்பப்பை வாயில் உண்டாகும் புற்றுநோயின் காரணம் அகப்பட்டது என்றும் சொன்னால் கதைபோலத்தான் தோன்றும்.

அவர் பெயர் ஹரால்ட் ஸுர் ஹௌஸன். 1936-ல் பிறந்து 2023-ல் காலமானவர். 1970-ஐ ஒட்டிய வருஷங்களில், இந்தப் புற்றுக்குக் காரணம் ஹெர்பிஸ் என்னும் கொப்புள நோயின் வைரஸ்தான் என்று நிபுணர்களில் பலர் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தார்கள். ஸுர் ஹௌஸன் தேடிப் பார்த்தார். கட்டிகளில் அது அகப்படவில்லை. பிறப்புறுப்பில் தோன்றும் மருக்கள் அபூர்வமாகப் புற்றாக மாறியதுண்டு என்ற பழைய வைத்தியக் குறிப்புகள் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1974-ல் ஃபுளோரிடாவில் கூடிய மகாநாட்டில், ஹெர்பிஸ் அகப்படவில்லை என்று அவர் சொன்னபோது சபையில் ஆதரவு கிட்டவில்லை.

ஆனால் சரும வைத்தியத் துறையில் அவருக்குத் துணை இருந்தது. வார்ஸா நகரத்து ஸ்டெஃபானியா யாப்லோன்ஸ்கா என்ற பெண்மணி, தேகமெங்கும் மரு பரவி, வெயில் படும் இடங்களில் அது புற்றாகிவிடும் ஓர் அபூர்வப் பரம்பரை நோயை ஆராய்ந்து வந்தார். மரு வைரஸுக்கும் புற்றுக்கும் உறவு உண்டு என்று 1972-லேயே அவர் சுட்டிக் காட்டியிருந்தார். தோலைப் பார்க்கும் வைத்தியர் கர்ப்பப்பை நோய்க்கு வழி காட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மரு வைரஸ் என்பது ஒன்றல்ல. இருநூறுக்கு மேற்பட்ட பங்காளிகள் உள்ள பெரிய குடும்பம். விரலில் மரு உண்டாக்குகிறவன் வேறு, கர்ப்பப்பை வாயைக் கெடுக்கிறவன் வேறு. ஆகையால் விரலில் மரு உள்ள நேயர்கள் கலவரப்பட வேண்டாம். 1983-ல் ஸுர் ஹௌஸன் கோஷ்டியார் 16 என்ற எண்ணுள்ள வகையையும், அடுத்த வருஷம் 18-ஆம் வகையையும் புற்றுக் கட்டியிலிருந்து பிடித்துக் காட்டினார்கள். உலகத்தில் இந்தப் புற்றில் சுமார் 70 சதவிகிதத்துக்கு இவ்விரண்டுமே காரணம். 2006-ல் தடுப்பு ஊசி வந்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெண் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிடலாம். எங்களைப் போன்றவர்களுக்குப் பரிசோதனைதான் கதி. வைரஸ் தொற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் சுலபமாகக் குணப்படுத்தலாம். இவ்வளவு தவணை கொடுக்கும் சத்துரு வேறு ஏது?

என் அத்தைக்கும் அந்தத் தவணை இருந்தது. மாதவிலக்கு நின்று எட்டு வருஷம் கழித்து மறுபடி உதிரம் கண்டது. "உஷ்ணம்" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். புடவையை யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் துவைத்து உலர்த்தினாள். இடுப்புவலி பொறுக்காமல் அவள் வாய் திறந்தபோது டாக்டர் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

நம் திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை டாக்டர் ஆர். சங்கரநாராயணனும் அவருடைய சகாக்களும் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 ஸ்திரீகளைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகரைப் போன்ற திராவகத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். அதைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்துவிடுவார்கள். பரிசோதனை நடவாத கிராமங்களோடு ஒப்பிடும்போது, இந்தக் கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவிகிதம் குறைவு என்று 2007-ல் பிரசுரமாயிற்று. மாட மாளிகை ஆஸ்பத்திரியால் அல்ல, பஞ்சாலும் நர்ஸாலும் ஆன காரியம்.

ஆனால் அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 31,343 பேர்தான். வராத பதினெட்டாயிரம் பேருக்கும் என்ன தடையோ! நடவு வேலை இருந்திருக்கலாம். வீட்டில் உத்தரவு கிடைக்காமல் இருந்திருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் என் அத்தையைப் போல விடியற்காலையில் புடவை துவைத்தவர்களோ!

போன மாதம் நானும் என் ஓரகத்தியும் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தோம். முழுசாகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நோவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கூச்சம் இருந்தது, அதுவும் நர்ஸம்மாள் தன் பேத்தியின் குறும்புகளைச் சொல்லிக்கொண்டே வேலையை முடித்ததில் பாதி கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கூடத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் மாமியார் தலை நிமிராமலே கேட்டார்: "ஐம்பத்தெட்டு வயசுக்கும் பார்ப்பார்களாமா?"

"பார்ப்பார்கள் அம்மா. புதன்கிழமை போகலாம்" என்றேன்.