‘போன்ஜூர்’ சொல்லுங்கள்... பாதி வேலை முடிந்தது!

பாரிஸ் மெட்ரோவின் முதலாம் எண் தடத்தில் ‘ஓதெல் த வீல்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். பெயரை நம்பிப் பெட்டியோடு இறங்கி ரூம் கேட்டால் கிடைக்காது. அது நகர மன்றக் கட்டடம்! நோத்ருதாம் தேவாலயத்துக்கு அருகே உள்ள ‘ஓதெல் தியூ’வோ ஆஸ்பத்திரி. பிரெஞ்சில் ‘ஓதெல்’ என்ற சொல் தங்கும் விடுதியை மட்டும் குறிப்பதில்லை.

சரி, நிஜமான ஹோட்டலுக்கே போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கேயும் ஒரு சின்ன சிக்கல் காத்திருக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் நேராகக் கவுன்ட்டருக்குப் போய், “டவல் வேணும்” என்று ஆங்கிலத்தில் கேட்டால், அங்கிருப்பவர் முகம் இறுகிவிடும். ஆங்கிலத்தில் பேசியது குற்றமில்லை. வணக்கம் சொல்லாததுதான் குற்றம். பகலில் ‘போன்ஜூர்’, மாலைக்கு மேல் ‘போன்ஸ்வார்’. இதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது பிரான்ஸில் மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டு, “பார்லே வூ ஆங்லே?” (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேட்டால், தெரிந்தவரை உதவுவார்கள்.

ஆங்கிலம் தெரியாதவராக இருந்தால்? ஒரே வாய்ப்பாடு போதும். முன்னால் ‘ஜ வூத்ரே’ (எனக்கு வேண்டும்), பின்னால் ‘ஸில் வூ ப்ளே’ (தயவுசெய்து). நடுவில் தேவையான பொருள்.

* யூன் ஸெர்வியெத் - டவல். சாப்பாட்டு மேஜையில் இதே சொல்லுக்குக் கைதுடைக்கும் துணி என்று பொருள். குளியல் டவல் என்று தெளிவாகச் சொல்ல ‘ஸெர்வியெத் த பேன்’.
* அன் ஒரெயே - தலையணை.
* யூன் கூவெர்த்யூர் - போர்வை.
* த லோ ஷோத் - வெந்நீர். அறையில் கெட்டில் இல்லாத ஹோட்டல்களும் உண்டு. குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க இது அவசியம் தேவைப்படும்.

ஏதாவது பழுதானால் ‘ந மார்ஷ் பா’. நேர் அர்த்தம், ‘நடக்கவில்லை’. நாம் ‘ஃபேன் ஓடலை’ என்கிறோம். அவர்களுக்கு அது நடக்கவில்லை, அவ்வளவுதான்! ஷவர் வேலை செய்யாவிட்டால் ‘லா தூஷ் ந மார்ஷ் பா’. குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனால் ‘ல ஷொஃபாஜ் ந மார்ஷ் பா’.

குளியலறையில் ஒரு எச்சரிக்கை. குழாயில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால், ஆங்கிலப் பழக்கத்தில் குளிர்ந்த நீர் என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சில் அது ‘ஷோ’ என்ற சொல்லின் முதல் எழுத்து, அதாவது சூடு! ‘எஃப்’ என்று போட்டிருப்பதுதான் குளிர்ந்த நீர். குழந்தைகளையும் வயதானவர்களையும் குளிக்க அனுப்பும் முன் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

கிளம்பும்போது பில்லில் ‘தாக்ஸ் த ஸேஜூர்’ என்று ஒரு தொகை இருக்கலாம். ஹோட்டல்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி நிர்வாகம் விதிக்கும் வரி. 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது.

நள்ளிரவில் கூட வந்தவருக்கு நெஞ்சு வலித்தால், நேராக 15-ஐ அழைக்க வேண்டும்; அது மருத்துவ அவசர எண். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான 112-ம் இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி என்றால் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, “போன்ஸ்வார், ஜ வூத்ரே அன் மெத்ஸேன், ஸில் வூ ப்ளே” என்றால் போதும். மெத்ஸேன் என்றால் டாக்டர்.

காலையில் டவல் கேட்ட அதே வாய்ப்பாடுதான். ஊரிலேயே நாலு முறை சொல்லிப் பழகிவிட்டால், அந்த நேரத்துப் பதற்றத்திலும் நாக்குக்குத் தானாக வரும்.