ஆறு பேரில் நாலாவது

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள் கண்ணுகளா.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவப் போனபோது ஒரு தம்பி கும்பிட்டார். "தெரியுதுங்களா டீச்சர்? ஆறு பேர்ல நாலாவதும்பாங்களே, அந்தப் பையன்தானுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

2005 ஜூன், எட்டாம் வகுப்பு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அந்த வருஷம்தான் ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் போன முதல் இந்தியர். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நாலாவதாக வந்தார். அந்தப் படத்தைப் பேப்பரில் வெட்டி, கணக்கு நோட்டில் ஒட்டிக் கொண்டுவந்து காட்டினான் இந்தப் பையன். டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் விலகிவிட்டன, ஓடியது ஆறே கார்கள் என்று நானும் படித்திருந்தேன். "ஆறு பேர் ஓடி நாலாவது வர்றது ஒரு பெருமையாடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டதாம். எனக்கு அது ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு வந்து பேரனிடம் சொன்னேன். அவன் கார் பந்தயப் பைத்தியம். "அம்மிச்சி, அவருக்கு முன்னாடி வந்த மூணு பேர்ல ரெண்டு பேர் ஃபெராரி. ஜோர்டான் காரை வெச்சுட்டு ஃபெராரிய எப்படிப் பிடிக்கிறது?" என்றான். பிறகு உட்கார வைத்துப் பாடமே எடுத்தான். இந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கார் கிடையாது. அணிக்கு அணி வேறு. கடைசி வரிசை அணியில் சேர்ந்தவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டி போகிற அளவுக்குத்தான் போக முடியும். இருக்கையும் நிலையில்லை. 2011-இல் ஹிஸ்பானியா என்ற சின்ன அணியில் நரேனுக்கு மறுபடி இடம் கிடைத்தது. பாதி வருஷத்தில் அந்த இடம் டேனியல் ரிக்கியார்டோவுக்குப் போய்விட்டது. 2012-லும் அங்கேயே ஓட்டினார். அந்த வருஷ முடிவில் அணியையே மூடிவிட்டார்கள்.

அடுத்து ஜெர்மனிக்காரர் நிக்கோ ஹுல்கென்பெர்க் ஓட்டிய பந்தயத்தைப் போனில் காட்டினான். அவர் 2010-இல், வந்த முதல் வருஷமே, பிரேசிலில் எல்லோருக்கும் முன்னால் நின்று தொடங்கியவர். ஆனாலும் வருஷ முடிவில் வில்லியம்ஸ் அணியில் அவருக்கு இடமில்லை. அதன்பின் நடுத்தர அணிகளிலேயே காலம் போனது. இடையில் இருக்கையே இல்லாமல், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுகிற ஆளாகவும் இருந்தார். 2015-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு போர்ஷே காரைக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு பேரோடு மாறி மாறி ஓட்டி ஜெயித்துவிட்டார். ஆனால் ஃபார்முலா 1-இல் முதல் மூன்று பேருக்கான மேடையில் அவர் ஏறியது 2025 ஜூலையில்தான். சில்வர்ஸ்டோனில் மழையில் 19-வதாகத் தொடங்கி மூன்றாவதாக வந்தார். அது அவருடைய 239-வது பந்தயம், வயது 37.

எல்லோருக்கும் 239-வது பந்தயம் வரை இடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. கிடைக்காதவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் என்று யார் சொல்வது?

என் வகுப்பிலும் எல்லோருக்கும் ஒரே வண்டியா இருந்தது? டியூஷன் போய்வந்த பிள்ளையும், விடிகாலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரேங்க் கார்டில் இடத்தை மட்டும் எழுதினேன். எங்கிருந்து தொடங்கினான் என்று எழுத அதில் கட்டமே இல்லை. நானாவது மனதில் குறித்திருக்கலாம்.

தம்பி, மண்டபத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சிரித்த வகுப்பில் பலர் இந்தப் பதிவைப் படிப்பார்கள், அதனால் இங்கேயே கேட்கிறேன். அந்தக் கணக்கு நோட்டு இன்னும் இருந்தால் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வா. பேரனும் பார்க்க வேண்டும் என்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்