உடையும் விதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள்

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ9 வீதியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் டிப்பர்களுக்குப் பின்னால் அண்டிப் போகமாட்டார்கள். மணலும் சல்லியும் ஏற்றிய வண்டியின் சக்கரம் தெறிக்கவிடும் ஒரு சிறு கல் முன் கண்ணாடிக்குப் போதும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலைப்பாதையில் லொறியே தேவையில்லை. எதிரே வரும் வேனின் சக்கரமே கல்லை எறிந்துவிடும். புதுக் காராக இருந்தால் முகவரிடம் ஒரு தொலைபேசி அழைப்போடு காரியம் முடியும். முப்பது, நாற்பது, அறுபது வயதான காருக்கு அந்த வழி இல்லை. அதற்கான கண்ணாடியை யாராவது தேட வேண்டும், அளக்க வேண்டும், சில வேளை வெட்டவும் வேண்டும். அந்த வேலையைக் கிட்ட இருந்து பார்ப்பதற்காகவே மாத்தளை நகருக்கு வெளியே உள்ள ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் போனேன்.

தகரக் கூரை. சுவரோரம் சாக்கு விரித்த மரச் சட்டங்களில் கண்ணாடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. எதுவும் படுக்கவைக்கப்படவில்லை, வளைந்த கண்ணாடியைப் படுக்கவைத்தால் தன் பாரத்திலேயே விரிசல் விடலாம். நடுவில் பழைய கம்பளம் ஒட்டிய பெரிய மேசை. வேலை செய்பவர்கள் இருவர்: எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடும் மூத்தவர், அவரிடம் தொழில் பழகும் ஓர் இளைஞர். மூத்தவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதின்ம வயதில் டிங்கரிங் கராஜில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கண்ணாடிப் பக்கம் ஒதுங்கினார்.

வாசலில் மூன்று வண்டிகள் நின்றன: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மொரிஸ் மைனர், 1980களின் நிசான் சனி ஒன்று, தோட்டத்து லான்ட் ரோவர் ஒன்று. இந்த வயது வண்டிகள் இன்னும் ஓடுவதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் பழைய வண்டியின் விலை ஏறியது. அதைக் கைவிடாமல் பழுதுபார்த்து ஓட்டும் கட்டாயமும் கூடியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்கள் கண்ணாடிக்குக் கைக்காசுதான் கொடுக்க வேண்டும். ஆகவே பட்டறைக்கு வருபவர்களின் முதல் கேள்வி, "எவ்வளவு வரும் பாஸ்?" என்பதாகவே இருக்கிறது.

அதற்கு அவர் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "மொதல்ல மூலையைப் பாருங்க. அப்புறம் வெலையைக் கேளுங்க."

கண்ணாடியின் கீழ் மூலையில் நகத்தளவு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அவற்றைத் தொழிற்சாலையின் பெயர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பாஸ் துணியால் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து வாசிக்கிறார். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அந்தக் கண்ணாடிக்கு ஒப்புதல் தந்த நாடு தெரிந்துவிடும்: 1 என்றால் ஜேர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரித்தானியா. பக்கத்தில் '43ஆர்' என்றிருந்தால், வாகனக் கண்ணாடிகளுக்கான ஐக்கிய நாடுகள் விதி 43ஐ அது நிறைவு செய்கிறது. ரோமன் எண் இரண்டு, சாதாரண லேமினேட்டட், அதாவது நடுவே படலம் வைத்து ஒட்டிய, முன் கண்ணாடியைக் குறிக்கும். அமெரிக்க முறைப்படி 'ஏஎஸ்1' என்றிருந்தால் முன் கண்ணாடிக்கு ஏற்றது. குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். 'ஏஎஸ்2' என்றிருந்தால் முன்பக்கத்துக்கு ஆகாது. இந்தியக் கண்ணாடியில் ஐஎஸ் 2553 என்ற தர எண் இருக்கும். இந்த எழுத்துகளைப் படிக்க பாஸுக்கு எந்தப் பாடசாலையும் சொல்லித்தரவில்லை. கைக்கு வந்த கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டும், உடைந்தவற்றைப் பார்த்தும் தானாகச் சேர்த்த அறிவு அது.

அன்றைய பெரிய வழக்கு மொரிஸ் மைனருடையது. 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முதல் வடிவங்களில் முன் கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டைப் பலகைகள். 1956இல் மைனர் 1000 வந்தபோது அது ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. ஆசிரியரின் கார் இரண்டாவது வகை. தட்டைக் கண்ணாடியை மாத்தளையிலேயே வெட்டிக்கொள்ளலாம், வளைந்ததை முடியாது. எங்கிருந்தாவது அந்த வடிவிலேயே வர வேண்டும்.

அவருக்கு இரண்டு வழிகள் கிடைத்திருந்தன. ஒன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில், கழற்றிய சாமான்கள் விற்கும் கடையொன்றில் கிடைத்த பழைய கண்ணாடி. மூலையில் ட்ரிப்ளெக்ஸ் நிறுவனத்தின் முத்திரை, கீறல் குறைவு, காரோடு பிறந்த அதே வகை. மற்றது, பிரித்தானியாவிலுள்ள பழைய கார் உதிரிப்பாகக் கடையிலிருந்து உறவினர் மூலம் வந்த புதிய லேமினேட்டட் கண்ணாடி. ஆசிரியரின் மனம் பழையதன் பக்கமே சாய்ந்திருந்தது.

"ஒரிஜினல் கையில இருக்கும்போது வேறு எதுக்கு தம்பி?" என்றார்.

"ஒரிஜினல்தான் சேர். இல்லேன்னு சொல்லலை. ஆனா அது டெம்பர்ட். ஒடைஞ்சா ஒரு மூலை ஒடையாது, மொத்தமும் ஒடையும்."

இந்த ஒரு வாக்கியத்தில் முன் கண்ணாடியின் நூற்றாண்டுக் கதை அடங்கியிருக்கிறது. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸின் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. அது விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண் வில்லைகளுக்கு அந்தக் கண்ணாடி பயன்பட்டது. கார்களுக்குப் பிறகே வந்தது. ஆரம்பப் படலங்கள் வெயிலில் மஞ்சளாகின. 1930களில் பொலிவினைல் பியூற்றிரல் என்ற தெளிவான, இழுபடும் பிளாஸ்டிக் படலம் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. இன்றும் லேமினேட்டட் கண்ணாடியின் இரண்டு தாள்களுக்கு நடுவே வழக்கமாக 0.76 மில்லிமீற்றர் தடிப்பில் இருப்பது அதுதான்.

டெம்பர்ட் கண்ணாடி வேறு வழியில் பாதுகாப்பானது. 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிர்விப்பார்கள். வெளிப்புறம் அழுத்தத்திலும் உட்புறம் இழுவையிலும் உறைந்துபோகும். அதனால் வலிமை கூடும். ஆனால் எங்காவது அந்தச் சமநிலை கெட்டால் கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துண்டுகளாக நொறுங்கும். கூரிய வாள் போன்ற துண்டு வராது என்பது நன்மை. ஓடிக்கொண்டிருக்கும்போது நொறுங்கினால் சாரதிக்கு முன்னே ஒன்றும் தெரியாது என்பதும், மோதலில் ஆளைத் தடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது என்பதும் தீமை. சாரதிக்கு எதிரே மட்டும் பெரிய துண்டுகளாக உடையும்படி பதப்படுத்திய முன் கண்ணாடிகளும் ஒரு காலத்தில் செய்யப்பட்டன. லேமினேட்டட் கண்ணாடியில் கல் பட்டால் சிலந்தி வலையாக விரிசல் படரும்; ஆனாலும் அது தன் இடத்திலேயே நிற்கும். வண்டியை ஓரமாக நிறுத்தச் சாரதிக்கு அவகாசம் கிடைக்கும்.

ஜப்பானில் 1987 முதல் புதிய பயணிகள் கார்களுக்கு லேமினேட்டட் முன் கண்ணாடி கட்டாயமானது. அதற்கு முந்தைய ஜப்பான் வண்டிகளிலிருந்து கழற்றிய கண்ணாடியை பாஸ் சந்தேகத்தோடுதான் தொடுகிறார். வாசலில் நின்ற சனிக்கு வந்திருந்த பாவித்த கண்ணாடியின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். தடிப்பின் நடுவே முடியளவு ஒரு கோடு ஓடினால் லேமினேட்டட். முத்திரை அழிந்திருந்தால் விரல் கணுவால் தட்டுகிறார்: மந்தமான சத்தம் நடுவில் படலம் இருப்பதைச் சொல்லும்; கணீரென்றால் டெம்பர்ட். விளிம்பில் பால்போல் வெளுத்திருந்தால் ஈரம் படலத்துக்குள் நுழைந்துவிட்டது. அதை எடுக்கக் கூடாது. கடைசியாக, கண்ணாடியை நிறுத்தி, அதன் வழியே வீதியோர மின்கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்ல அசைத்தார். கம்பம் நெளிந்தால் கண்ணாடி திரும்பிப் போகும். அந்த நெளிவோடு இரவில் தம்புள்ளைக் காய்கறி லொறிகளின் விளக்குகளுக்கு எதிரே ஓட்டுகிறவருக்குக் கண் வலி நிச்சயம்.

ஆசிரியர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் லான்ட் ரோவரின் வேலை தொடங்கியது. அந்தப் பழைய வண்டியின் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். ஒன்றில் குறுக்காக விரிசல். டெம்பர்ட் கண்ணாடியை எந்தக் கருவியாலும் வெட்ட முடியாது, முயன்றால் நொறுங்கும். லேமினேட்டட் தாளை வெட்டலாம். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

மேசையில் புதிய தாளை வைத்து, அதன்மேல் பழைய துண்டை வைத்து எல்லை வரைந்தார். எண்ணெய் தொட்ட கண்ணாடி வெட்டியை ஒரே மூச்சில் இழுத்தார். நடுவில் நிறுத்தினால் கோடு கெடும். கீழிருந்து மெல்லத் தட்ட, கோட்டின் வழியே விரிசல் ஓடியது. இளைஞரும் அவரும் சேர்ந்து தாளைப் புரட்டினார்கள். அடுத்த பக்கத்தில் அதே கோட்டின் நேர் மேலே இன்னொரு கோடு, இன்னொரு விரிசல். இப்போது கண்ணாடி இரு பக்கமும் அறுந்திருந்தாலும் துண்டு விலகவில்லை. நடுப் படலம் விடவில்லை. சிறு போத்தலிலிருந்து கோட்டின் நீளத்துக்கு ஸ்பிரிட் ஊற்றி, தீக்குச்சி வைத்தார். பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு மேலே காற்று நடுங்கியது மட்டும் தெரிந்தது. தீ அடங்கியதும் துண்டை மெல்ல இழுக்க, இளகிய படலம் மயிரிழை அளவு திறந்தது. அந்த இடுக்கில் பிளேடை நுழைத்து ஒரே இழுப்பு. துண்டு கையோடு வந்தது.

"சூடு கூடினா உள்ள கொப்புளம் வந்திரும். கொறைஞ்சா இழுக்கும்போது ஓரம் சிதறும்" என்று இளைஞருக்குச் சொன்னார். பிறகு தண்ணீர் விட்டபடி விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்தார்கள். விளிம்பில் விட்டுவைத்த சிறு சிராய்ப்பிலிருந்துதான் பின்னாளில் விரிசல் புறப்படும். அதனால் வெட்டுவதைவிட இதற்கே அதிக நேரம் எடுத்தார்கள். வெட்டும்போது தாளின் முத்திரை உள்ள மூலை கண்ணாடியிலேயே தங்கும்படி எல்லை வரையப்பட்டிருந்ததைக் கவனித்தேன். நாளைக்கு இதை வேறொருவர் கழற்றினாலும், இது என்ன கண்ணாடி என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியர் கடைசியில் புதிய லேமினேட்டடுக்குச் சம்மதித்தார். பழைய முத்திரைக் கண்ணாடி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்றார். சம்மதித்த பிறகு வேலை காரின் சட்டத்துக்குப் போனது. டெம்பர்ட் கண்ணாடி பொருத்தும்போது கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். லேமினேட்டட் தாங்காது, சட்டம் ஓரிடத்தில் நேராக இல்லாவிட்டால் அந்த மூலையில் அழுத்தம் சேர்ந்து, வண்டி முதல் பள்ளத்தில் இறங்கும்போது விரிசல் விடும். கெட்டியாகிப்போன ரப்பர் பீடிங்கைக் கத்தியால் அறுத்து எடுத்ததும் கீழ்ச்சட்டத்தில் துரு தெரிந்தது. முன்பு யாரோ புட்டி வைத்து மூடியிருந்தார்கள். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் தண்ணீர் அந்த வழியேதான் இறங்கி, தரை விரிப்புக்குக் கீழே தங்கியிருக்கிறது. துருவைச் சுரண்டி, தகரம் ஒட்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே கண்ணாடி என்று பாஸ் சொல்லிவிட்டார். ஆசிரியருக்கு அன்றே காரை எடுத்துப்போக ஆசை. பாஸ் இறங்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது பொருத்தும் வேலை நடந்தது. புதிய பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் இதழின் பள்ளத்தில் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றி, இரு நுனிகளையும் கீழ் நடுவில் தொங்கவிட்டார்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவினார்கள். வெளியே நின்று இளைஞர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருந்து பாஸ் கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பர் இதழ் அங்குலம் அங்குலமாகத் தகர விளிம்பைத் தாண்டி உட்கார்ந்தது. சுத்தியலின் வேலை ஓரிடத்திலும் இல்லை. பிறகு குழாயால் தண்ணீர் அடித்து, உள்ளே விரலால் தடவிச் சோதித்தார்கள்.

பின்னாள் கார்களில் ரப்பர் பீடிங் இல்லை. யூரித்தேன் பசையால் கண்ணாடி நேரே உடலோடு ஒட்டப்படுகிறது. கூரையின் உறுதிக்கும், பயணிப் பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது முட்டுக் கொடுப்பதற்கும் அந்தக் கண்ணாடி உதவுகிறது. அங்கே பசை காயும் நேரமும் பாதுகாப்பின் பகுதி. அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் உண்மையில் தன் குடும்பத்தின் பாதுகாப்பைக் குறைக்கச் சொல்கிறார்.

இருவரின் கைகளையும் பார்த்தேன். மூத்தவரின் விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக. சாணை பிடிக்கும்போது இளைஞர் கண் கவசம் அணியவில்லை. கையுறை ஒரு சோடிதான், அதையும் மாறி மாறிப் போடுகிறார்கள். இந்தத் தொழிலில் தேர்ந்தவர் என்று சொல்ல பாஸிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஆனால் ஏ9 வீதியில் ஓடும் பல பழைய வண்டிகளில், கல் பட்ட பிறகும் சாரதி வீதியைப் பார்க்க முடிவது அவருடைய தேர்வால். இந்த அறிவைப் பாடமாக்கி, சான்றிதழ் கொடுத்து, அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இவரைப் போன்றவர்களை ஆசிரியர்களாக அழைப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பழைய காருக்குக் கண்ணாடி மாற்றும்போது மூலை முத்திரையை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். துருவைச் சரிசெய்ய ஒரு நாள் கேட்டால் கொடுங்கள். கூலியில் பேரம் பேசி மிச்சப்படுத்தும் காசு, அந்தக் கையுறைக்கும் கண் கவசத்துக்கும் போக வேண்டிய காசு. எல்லாக் கண்ணாடியும் ஒருநாள் உடையும். நாம் காசு கொடுத்து வாங்குவது, அது உடையும் நாளில் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை.