வேருக்குத் தெரியும், யாரை உள்ளே விடணும்னு

பொள்ளாச்சிப் பக்கம் விவசாயம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: “ஏனுங் சார், பூஞ்சையாலதான வேர் அழுகுது? அப்புறம் அந்த வேம் பூஞ்சையைக் காசு குடுத்து வாங்கி வேர்லயே போடச் சொல்றாங்களே?”

நியாயமான கேள்வி. வேருக்கும் முதலில் அதே சந்தேகம்தான் வருகிறது.

வேம் என்பது வேர் உட்பூசணம். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் உயிர் உரங்களில் ஒன்று. வேர் எட்டாத இடத்துக்கும் நூலாகப் பரவி மணிச்சத்தும் துத்தநாகமும் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும்.

பூஞ்சைகளின் உடல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு ஓட்டில் இருப்பதும் அதுதான். அதன் துணுக்கு பட்டதுமே வேர் எதிர்ப்பைத் தொடங்கும். நெல்லில் இதற்கு உதவும் செர்க்-1 என்ற புரதமே நட்புப் பூஞ்சையை ஏற்கவும் உதவுகிறது. காவலாளி ஒருவர், வேலை இரண்டு. வேம் நுழையும்போது எதிர்ப்பு லேசாகக் கிளம்பி, பிறகு தணிகிறது. ஆனால் முழுதாக அடங்குவதில்லை. செல்லுக்குள் சிறு மரம்போல் கிளைக்கும் பூஞ்சையைச் செடி தன் சவ்வால் சுற்றியே வைத்திருக்கும். அந்தக் கிளைப்பும் சில நாள்தான். பிறகு செடியே அதைச் சிதைத்துவிடும். இப்படி உஷாராகப் பழகிய வேர், பல பயிர்களில் வேர்நோயையும் நூற்புழுவையும் வேகமாக எதிர்க்கிறது.

பூஞ்சையை அழைப்பதும் செடிதான். மணிச்சத்து குறைந்தால் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். 1966-ல் பருத்தி வேர்க் கசிவில் இவ்வகைப் பொருளை முதலில் கண்டபோது, சுடுமல்லி விதையை முளைக்கவைப்பது என்றுதான் தெரிந்தது. கரும்பு, சோள வேரை உறிஞ்சும் களை அது. எதிரியைச் செடி ஏன் கூப்பிட வேண்டும்? 2005-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். அழைப்பு வேம் பூஞ்சைக்கு. சுடுமல்லி அதை ஒட்டுக் கேட்கிறது!

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடி அழைப்பைக் குறைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு கையில் டிஏபி மூட்டை, மறு கையில் வேம் பாக்கெட் என்றால் இரண்டாவது காசு வீண்.

மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு மட்டும் மணிச்சத்து இடுங்கள். வேமை மேலாகத் தூவாமல், விதைக்கும்போதே 2-3 செ.மீ. ஆழத்தில், வேர் தொடும்படி நாற்றங்காலில் போடுங்கள். முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் போடுபவர்கள் வாங்கவே வேண்டாம். அந்த வேர்கள் இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைப்பதில்லை.