எந்தக் காலேஜ் அழகு?

மக பிளஸ் டூ முடிச்சிருக்கா. ரிசல்ட் வந்த நாள்ல இருந்து வீட்ல காலேஜ் பேச்சுதான். மாரியம்மன் நோன்பிக்கு வந்த சொந்தக்காரப் பசங்க, எந்தக் காலேஜ் வளாகம் அழகுன்னு திண்ணையில உட்கார்ந்து மல்லுக்கட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

அண்ணன் மகன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்காரன். 365 ஏக்கர், உள்ளே காடே இருக்குதுன்னான். 1937-ல பட்டணத்துக்குள்ள இருந்து தாம்பரத்துக்கு வந்த கல்லூரி அது. எட்வர்ட் பார்ன்ஸ்னு ஒரு வேதியியல் பேராசிரியர் ஊன்றி நின்னு மரம் வளர்த்தாராம்.

தங்கச்சி மகன் விடல. "போங்கண்ணா, எங்க சென்னை ஐஐடியில கிளாசுக்குப் போற வழியில புள்ளிமான் நிக்கும். வெளிமானும் உண்டு"ன்னான். கிண்டிக் காட்டை ஒட்டின இடமாச்சே, இருக்காதா?

"மாமா, நீங்க சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்தாங்க. நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன். ஆனா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு உழவர் தின விழாவுக்கும், தீவனப்புல் கரணை வாங்கவும் போயிருக்கேன். என் ஓட்டு அதுக்குத்தான்.

1868-ல சைதாப்பேட்டையில பண்ணைப் பள்ளியா ஆரம்பிச்சது, 1906-ல கோயம்புத்தூருக்கு வந்துச்சு. பழைய செங்கல் கட்டடம், பொட்டானிக்கல் கார்டன் எல்லாம் அழகுதான். எனக்குப் புடிச்சது வயக்காடு. ஊரு நாலாப்பக்கமும் வளர்ந்து நிக்குது, நடுவுல நெல்லு வெளஞ்சு கிடக்குது. பாத்திக்குப் பாத்தி ரகத்தோட பேரு எழுதின பலகை. நாம போடுற கோ 51 நெல்லுல அந்தக் 'கோ'ன்னா கோயம்புத்தூருதான். அங்க படிக்கிற புள்ளைங்களுக்கு சேத்துல கால வைக்கிறதும் பாடம்.

யோசிச்சுப் பார்த்தா மூணு இடத்துக்கும் ஒரே குணம். மண்ணுல முன்னாடி இருந்ததைத் துடைச்சு எடுக்கல. காடு காடாவும், மான் மானாவும், வயல் வயலாவும் கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்குது.

எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு காலேஜ் வந்திருக்கு. பேரு வேண்டாம். பெரிய வளைவு, கண்ணாடிக் கட்டடம், தண்ணி பீச்சுற குளம், பச்சைப் பசேல்னு புல்தரை. போட்டோவுல பார்த்தா வெளிநாடு மாதிரி இருக்கும். அந்த வளைவு நிக்கிற இடத்துலதான் எங்க குட்டைக்கு மழைத்தண்ணி கொண்டுவந்த ஓடை இருந்துச்சு. இப்ப குட்டைக்குத் தண்ணி வர்றதில்ல. ஆடு மாடு வாய் வைக்காத புல்லுக்கு போர்வெல் தண்ணி பாயுது. எங்க கிணத்துல மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனா காத்துதான் வருது.

நான் இதைச் சொல்லிட்டிருக்கும்போதே மக மெதுவா சொன்னா: "அப்பா, வேளாண் கல்லூரிக்கு என் கட்-ஆஃப் பத்துமான்னு தெரியலப்பா. கிடைக்கலைன்னா எனக்கு அந்த வளைவுக் காலேஜ்தான். பஸ் நம்ம வாசலுக்கே வருது."

பசங்க பேச்சு நின்னுபோச்சு. பொம்பளைப் புள்ளையை தூரமா அனுப்ப அவ அம்மாவுக்கும் மனசில்ல. நானும் வேண்டாம்னு சொல்ல வாயெடுக்கல. ஓடை போன கோபத்தை அவ படிப்பு மேல காட்ட முடியுமா?

ரெண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கோம். "அங்க சேர்ந்தா முதல் மழைக்கு அந்த வளைவுகிட்ட நின்னு பாரு கண்ணு, தண்ணி எந்தப் பக்கம் போகப் பார்க்குதுன்னு. உங்க வாத்தியாருங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னேன். சரிங்கப்பான்னா.